‘கு 40 மா 3’: ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒற்றை எழுத்துச் சொல்

காவிரிப் படுகையில் வயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏக்கரில் தொடங்குவதில்லை. அறுவடை முடிந்ததும் எழுகிற கேள்வி, ‘மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது?’ என்பதுதான். நடவுக்கூலி மாவுக்கு இவ்வளவு, குத்தகை மாவுக்கு இவ்வளவு என்றே பேச்சு நடக்கிறது. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் ஏறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் பேச்சில் மா அசைந்து கொடுக்கவில்லை. இப்படி நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்று, பழைய பத்திரம் ஒன்றில் குறுக்கி எழுதப்பட்டிருந்ததால், பங்காளிக் குடும்பங்கள் இரண்டைக் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர் நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்திவிட்டது. தகராறு நீதிமன்றம் வரை போகவில்லை. பத்திரத்தைப் படித்தே தீர்ந்தது. இதுபோன்ற பத்திரங்கள் டெல்டாவின் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அதனால் இதை முழுமையாக எழுதிவைக்கிறேன். ஊரையும் ஆட்களையும் அடையாளம் தெரியாதபடி விட்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி. சென்ட் கணக்கில் 33-க்குச் சற்று மேல். மூன்று மாவைச் சேர்த்தால் 99 சென்ட். ‘மூன்று மா ஓர் ஏக்கர்’ என்று ஊரில் சொல்வது இதை வைத்துத்தான். ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். இது தஞ்சைப் பகுதியின் கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் எண்கள் பிடிபடும்.

பத்திரமும் தட்டச்சு நகலும்

ஊர் வெட்டாற்றின் தென்கரையில் இருக்கிறது. 1938-இல் அண்ணன் தம்பி இருவர் சொத்தைப் பிரித்துக்கொண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்தார்கள். பத்திரத்தில் அண்ணன் 1-வது நபர், தம்பி 2-வது நபர். ஆளுக்கொரு தபசில், அதாவது சொத்து விவரப் பட்டியல். நஞ்சை, வீடு, வீட்டை ஒட்டிய கொல்லை, களம், மரங்கள் என எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. அதற்குப் பிறகு மூன்று தலைமுறைகள் அவரவர் பங்கை அவரவர் அனுபவித்து வந்தார்கள். 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வது, நடந்தபோது அனுபவத்தில் இருந்தபடியே பட்டா மாறியது. அப்போதும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மூலப் பத்திரம் அண்ணன் வகையறாவிடம் இருந்தது. பூச்சி அரித்து, முதல் தாளிலேயே பாதி போயிருந்தது. தம்பி வகையறாவிடம் இருந்தது 1970-களில் எடுத்த தட்டச்சு நகல் ஒன்று மட்டும். அதுவும் முழுப் பத்திரம் இல்லை. தங்கள் தபசிலை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். டெல்டாவில் இது வழக்கமாக நடப்பதுதான். தன் பங்கு எது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அண்ணன் தபசிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது தம்பி தபசிலைப் படிக்கவும் உதவும் என்று தோன்றுவதில்லை.

அந்த நகலில் கொல்லையைப் பற்றிய வரி இப்படி இருந்தது: ‘நத்தம் கொல்லை 3 மா 40 குழி, புஞ்சை 1.’

இதை வைத்துத்தான் 2011-இல் தம்பி வகையறாவில் ஒரு தந்தை, பள்ளி ஆசிரியையான தம் மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதிவைத்தார். அதிலும் ‘3 மா 40 குழி’ அப்படியே ஏறியது. தரையில் இருந்தது என்னவோ 40 குழிதான், அதாவது 13 சென்ட் சொச்சம். மீதி மூன்று மா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றங்கரை ஊர், கொல்லை, வரப்பு, வாய்க்கால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தன்னுடைய தந்தை நடந்த வழியில் நடந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. கொல்லையில் மிச்சமிருந்த மரங்கள் எல்லாம் சாய்ந்தன. மரங்களை அப்புறப்படுத்திவிட்டு வேலி போடலாம் என்று அளந்தபோதுதான் பத்திரத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் பட்டது. 112 சென்ட் இருக்க வேண்டிய இடத்தில் 13 சென்ட் இருந்தது.

கோரிக்கை ஏன் வலுவாகத் தெரிந்தது

கொல்லைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் ஒரு வயல் இருக்கிறது. அண்ணன் வகையறாவின் பட்டாவில் 0.40.0 ஹெக்டேர். ஊரில் அந்த வயலுக்கு ‘மூன்றுமா’ என்றே பெயர். டெல்டாவில் அளவே வயலுக்குப் பெயராக நின்றுவிடுவது சாதாரணம். ‘அஞ்சுமா’, ‘பத்துமா’ என்றெல்லாம் வயல்கள் உண்டு.

இப்போது ஆசிரியையின் கணக்கைப் பாருங்கள். கொல்லை 40 குழி. பக்கத்து வயல் மூன்று மா. இரண்டையும் சேர்த்தால் 3 மா 40 குழி. பத்திரத்தில் இருப்பதும் 3 மா 40 குழி. மூன்று மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர்; நகலும் ‘புஞ்சை 1’ என்கிறது. எல்லாம் கணக்காகப் பொருந்தி வந்தது. அவருக்குப் பேராசை எதுவும் கிடையாது. கையில் இருந்த காகிதம் சொன்னதை நேர்மையாகவே நம்பினார். “பெரியப்பா, ஊரே அதை மூன்றுமா என்கிறது, பத்திரமும் மூன்று மா என்கிறது, இதற்கு மேல் நான் என்ன சொல்ல?” என்று அவர் கேட்டதற்கு, வயலை அனுபவித்துவந்த அண்ணன் வகையறாப் பெரியவரிடம் பதில் இல்லை. “என் அப்பா உழுதார், நான் உழுதேன் அம்மாடி” என்று மட்டும் சொன்னார்.

பேசிய வக்கீல் ஒருவர், எண்பது ஆண்டு அனுபவமே போதும், பிறர் அனுபவத்தில் உள்ள நிலத்தைத் திரும்பக் கேட்கச் சட்டம் தரும் பன்னிரண்டு ஆண்டுக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, பத்திரத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை என்றார். சட்டப்படி அது வலுவான வாதம். ஆனால் பெரியவர் அதை ஏற்கவில்லை. கெடு தாண்டியதால் நிலம் தன்னுடையது என்று நிற்க அவருக்கு மனமில்லை. தன் தந்தை பிறர் நிலத்தை உழுதாரா இல்லையா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உறவுக்குள் வரும் வழக்கில் கெடுவைக் காட்டி வென்றால் அடுத்த தலைமுறையும் முகம் கொடுத்துப் பேசாது.

பதிவு நகலில் இருந்தது

சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து 1938 பத்திரத்தின் முழுச் சான்றிட்ட நகலை வாங்கினோம். பத்திரத்தை அந்தக் காலத்தில் பதிவுப் புத்தகத்தில் கையால் பெயர்த்து எழுதுவார்கள். பெயர்த்தவர் நல்ல கைக்காரர். எழுத்து சாய்வில்லாமல், எண்கள் தனியே தெரியும்படி, குறுக்கங்களை விரிக்காமல் மூலத்தில் இருந்தபடியே எழுதியிருந்தார். விரித்து எழுதியிருந்தால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

தம்பி தபசிலில் கொல்லை வரி இதுதான்:

‘ஷை நத்தத்தில் ஷை வீட்டுக்குக் கீழ்புறம் கொல்லை கு 40 மா 3 தெ 11 பு 1 இதற்கு எல்லை 1-வது நபர் நஞ்சைக்கும் மேற்கு வாய்க்காலுக்கும் வடக்கு...’

‘ஷை’ என்பது மேற்படி. ௸ என்ற பழைய குறியைத்தான் கையெழுத்திலும் தட்டச்சிலும் இப்படி எழுதினார்கள். சண்டை நான்கு குறுக்கங்களில் இருந்தது: கு, மா, தெ, பு.

தட்டச்சு செய்தவர் என்ன செய்தார் என்பது இப்போது விளங்கியது. ‘கு 40 மா 3’ என்பதைப் பார்த்தார். குழியும் மாவும் சேர்ந்து வருவதால் பரப்பளவு என்று முடிவு கட்டினார். வரிசை இயல்பாக இல்லையே என்று தாமே திருப்பி ‘3 மா 40 குழி’ ஆக்கினார். ‘தெ 11’ அவருக்குத் தெற்கு என்று பட்டிருக்க வேண்டும். பதினொன்று எதற்கென்று புரியாமல் விட்டுவிட்டார். ‘பு 1’ புஞ்சை ஆயிற்று. அவர் மீது குறை சொல்ல மாட்டேன். புஞ்சைக்குப் ‘பு’ என்றும் தெற்குக்குத் ‘தெ’ என்றும் எழுதுவது இன்றும் உள்ள வழக்கம்தான். ஒவ்வொரு குறுக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் அவர் கொண்ட பொருள் பொருந்தும். வரியாகப் பார்த்தால்தான் பொருந்தாது.

முழு நகல் கையில் வந்ததும் வாதத்தின் ஒரு பாதி உடனே முடிந்தது. அண்ணன் தபசிலில் ‘மூணுமா வழங்கும் நஞ்சை மா 3’ என்று தெளிவாக இருந்தது. வயல் அண்ணனுக்குப் போனது என்பதில் இனிச் சந்தேகமில்லை. ஆசிரியை அதை அங்கேயே ஏற்றுக்கொண்டார். ஆனால் உடனே அடுத்த கேள்வியைப் போட்டார். அதுதான் கடினமான கேள்வி. “அந்த வயல் அவர்களுடையது என்றே இருக்கட்டும் ஐயா. எங்கள் தபசிலில் உள்ள மா 3 எங்கே போயிற்று?”

நியாயமான கேள்வி. வயல் இல்லையென்றால் வேறு எங்காவது ஒரு மூன்று மா தம்பிக்கு வர வேண்டியது வராமல் போயிருக்கலாம் அல்லவா? அதனால் அந்த ‘மா 3’ நிலமே இல்லை என்பதைக் காட்ட வேண்டியிருந்தது.

மா என்பது முதலில் ஒரு பின்னம்

இங்கே சற்று நின்று மா எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவசியம். 1938-இல் பத்திரம் எழுதியவரின் மனம் எப்படி ஓடியிருக்கும் என்பது அதில்தான் தெரியும்.

தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. அரைமா நாற்பதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி: இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடினால் பதினாறில் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் நாக்கில் இருந்தது. வேலியில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர் வந்தது இப்படித்தான். பழைய கணக்குக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன, 51 குறிகள். அவற்றில் குழிக்குத் தனிக் குறி உண்டு, வேலிக்குத் தனிக் குறி உண்டு. மா என்ற நில அளவுக்குத் தனிக் குறி கிடையாது. இருபதில் ஒன்றைக் குறிக்கும் பின்னக்குறியே போதும் என்பதால் அது தேவைப்படவில்லை.

இந்த அளவு மிகப் பழையது. புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம், ஒரு மாவுக்குக் குறைந்த நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு ஆகும் என்கிறார். ‘மாநிறைவு இல்லதும்’ என்பது அவர் சொல். வரியை அளந்து வாங்கு என்று அரசனிடம் சொல்ல வந்த புலவருக்கு, விளக்கமே தேவைப்படாத நில அளவாக மா கையில் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள் ஊர் ஊராக நிலத்தை மாவிலும் காணியிலும் முந்திரிகையிலும், அதற்கும் கீழே இறங்கியும் சொல்கின்றன. அந்தக் கணக்கிலேயே ஊர்நத்தத்தையும் குளத்தையும் சுடுகாட்டையும் வரி இல்லாத நிலமென்று தனியே கழித்துவிடுகிறார்கள். நத்தம் அன்றைக்கே விளைநிலக் கணக்குக்கு வெளியே நிற்பது நம் வழக்குக்கு மிகவும் வேண்டிய செய்தி.

மாவுக்கு மாமரம் என்றும் பொருள் உண்டு என்பதைச் சொல்லவே வேண்டாம். குதிரை, விலங்கு, பெரியது, திருமகள் எல்லாம் அகராதியில் வரிசையாக நிற்கும். பின்னத்தையும் மரத்தையும் ஒரே இடத்தில் மோதவிட்டவர் காளமேகப் புலவர். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி என்று ஒரு வெண்பாவில் இறங்கிக்கொண்டே வந்து, காஞ்சி ஏகாம்பரநாதர் வீற்றிருக்கும் ‘ஒருமா’வின் கீழ் கொண்டுபோய் நிறுத்துகிறார். இருபதில் ஒன்று என்று கேட்கிற காதுக்கு ஒற்றை மாமரம் தெரிகிறது. புலவர் வேண்டுமென்றே செய்ததை நம் பத்திரம் தற்செயலாகச் செய்திருந்தது.

அளவுகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பின்னக் கணக்கில் நாலு காணி ஒரு மா. ஆனால் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் காணி என்று வழங்கும் நில அளவு 24 அடிச் சதுரக் குழி நூறு, அதாவது 1.32 ஏக்கர். நம் பக்கத்து மாவைப்போல் அது நான்கு மடங்கு. பெரியது சிறியது தலைகீழாக மாறிவிடுகிறது. கல்வெட்டுகளிலும் நூறு குழி மாவும் உண்டு, 256 குழி மாவும் உண்டு. ஆகவே எந்த ஊர், எந்தக் கோல் என்று தெரியாமல் மாவைத் தொடக் கூடாது. இந்தப் பத்திரத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே ஊர், ஒரே கை, ஒரே கோல்.

வரியைப் படித்த விதம்

அந்த ஒரே கைதான் சாவி. எழுதியவர் இரண்டு தபசில்களிலும் நஞ்சையை எப்படி எழுதுகிறார் என்று வரிவரியாகப் பார்த்தோம். ‘நஞ்சை மா 7 கு 35’, ‘நஞ்சை மா 4 கு 20’, ‘நஞ்சை மா 6 கு 30’. எங்குமே பெரிய அளவு முன்னால், சிறிய அளவு பின்னால். மாவுக்குப் பிறகுதான் குழி. வேலி வரும் இடத்தில் வேலி அதற்கும் முன்னால். கணக்குப் படித்தவர் யாரும் குழியைச் சொல்லிவிட்டு மாவுக்குத் திரும்ப மாட்டார். ஐம்பது காசு மூன்று ரூபாய் என்று யாராவது சொல்வார்களா? ஆகவே ‘கு 40 மா 3’ என்ற வரிசையில் வரும் மா பரப்பளவாக இருக்க முடியாது. குழியோடு அளவு முடிந்துவிட்டது. மா வேறு கணக்கின் தொடக்கம்.

என்ன கணக்கு என்பதை அண்ணன் தபசிலே சொன்னது. அவருடைய கொல்லை வரி: ‘கொல்லை கு 38 மா 1 தெ 8 இ 2’. இதைத் தட்டச்சுக்காரரின் வழியில் படித்தால் அண்ணனுக்குக் கொல்லை 1 மா 38 குழி என்று வரும். அப்படி ஓர் இடம் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கொல்லையின் இரண்டு பக்கமும் பழைய செங்கல் சுவர். தெ எட்டு, இ இரண்டு என்றால் தென்னை எட்டு, இலுப்பை இரண்டு. பெரியவர் வீட்டு இலுப்பை மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அப்படியானால் மா மாமரம்தான், பு புளிதான். தம்பி கொல்லை: 40 குழி, மாமரம் 3, தென்னை 11, புளி 1.

இதற்கு மேலும் ஆசிரியையின் மனம் தெளிய வேண்டும் என்பதற்காக வேறு வழிகளிலும் உரசிப் பார்த்தோம். தெற்கு என்ற சொல் அந்தப் பத்திரத்தில் வரும் இடமெல்லாம் முழுதாகவே எழுதப்பட்டிருக்கிறது. திசையை அந்தக் கை ஓரிடத்திலும் குறுக்கவில்லை. நத்தத்தில் உள்ள கொல்லைக்குப் புஞ்சை என்ற வகைப்பாடே கிடையாது. நத்தம் என்றால் குடியிருப்பு. அதனால்தான் மற்ற இனங்களுக்கெல்லாம் சர்வே எண்ணும் ஏக்கரும் தந்த எழுத்தர் கொல்லைக்கு மட்டும் வெறும் குழிக்கணக்கைத் தந்தார். ‘மா’ மாவட்டமாக இருக்குமோ என்றுகூட ஒருவர் கேட்டார். அந்தக் காலத்துப் பத்திரத்தில் ஜில்லாதான்; மாவட்டம் என்ற சொல்லே அதில் இல்லை.

பங்குக் கணக்கு இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அண்ணனுக்கு நஞ்சை மொத்தம் 10 மா 35 குழி. தம்பிக்கு 10 மா 50 குழி. கொல்லை 38 குழிக்கு 40 குழி. சமபங்காகப் பிரித்திருக்கிறார்கள். தம்பிக்கு இன்னுமொரு மூன்று மா சேர்த்தால் அந்தச் சமன் உடைகிறது. பாகம் பிரிக்கும்போது பதினைந்து குழி வித்தியாசத்தைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மூன்று மாவைப் பொறுக்க மாட்டார்கள்.

எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தட்டச்சு நகலிலும் சரியாகவே இருந்தது. ‘1-வது நபர் நஞ்சைக்கும் மேற்கு’ என்றால் இந்தக் கொல்லை அண்ணன் நஞ்சைக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். அதாவது கிழக்கே உள்ள வயல் அண்ணனுடையது என்று தம்பி தபசிலே சாட்சி சொல்கிறது. பழைய பத்திரங்களில் எல்லையை இப்படித்தான் எழுதுவார்கள். மேற்கு எல்லையில் அண்ணன் நஞ்சை என்று படித்துவிடக் கூடாது. அளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றங்கள் ஏற்கும். ஆனால் எண் கண்ணில் பட்டுவிட்டால் எல்லையை யாரும் வாசிப்பதில்லை.

கடைசியாக, ஆள் சாட்சி. ஆசிரியையின் அத்தை, தம்பி வீட்டிலேயே பிறந்து நாகப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், வந்தார். அவர் சொல்வது தன் பிறந்த வீட்டுக்கே எதிராகப் போகும் என்று தெரிந்தும் தயங்கவில்லை. “கொல்லையில் மூன்று மா நின்றது. கிணற்றடி மரம் மட்டும் இனிப்பு. மற்ற இரண்டும் வடுவுக்குத்தான் ஆகும். வாய்க்கால் மூலையில் புளியமரம். அதன் அடியில் விளையாடினால் அம்மா அடிப்பாள்” என்றார். பேரப் பிள்ளைகள் பார்த்தது ஒரே ஒரு மாமரத்தைத்தான். மற்ற இரண்டும் அவர்கள் பிறக்கும் முன்பே போய்விட்டன. அந்த ஒன்றையும் கஜா சாய்த்தது. மரங்கள் நின்றிருந்தால் ‘மா 3’ என்ற வரியைப் படிக்க யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். வாய்க்கால் மூலையில் மண்ணைக் கொத்திப் பார்த்தோம். புளியின் அடிக்கட்டை கறுத்துப்போய் அப்படியே இருந்தது.

சட்டம் என்ன சொல்லியிருக்கும்

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் இந்த வேலையைத்தான் செய்ய வேண்டியிருந்திருக்கும். எழுத்தில் உள்ள பத்திரத்தின் வாசகத்துக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்பது பொது விதி. அதற்கு விலக்காக, 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 98-ஆம் பிரிவு, படிக்க முடியாத எழுத்து, வழக்கொழிந்த சொல், வட்டார வழக்கு, தொழில் வழக்கு, குறுக்கம் ஆகியவற்றுக்கு என்ன பொருள் என்று காட்டச் சாட்சியம் தரலாம் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் அதே ஏற்பாடு 101-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு நம் கதையின் உடன்பிறப்பு. சிற்பி ஒருவர் தம் ‘மாட்ஸ்’ அனைத்தையும் விற்பதாக எழுதிக்கொடுக்கிறார். அவரிடம் செய்துவைத்த உருவ மாதிரிகளும் இருக்கின்றன, உருவம் செய்யும் கருவிகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டின் பெயரும் அந்தக் குறுக்கத்துக்குப் பொருந்தும். எதை விற்க எண்ணினார் என்று சாட்சியம் கொண்டு காட்டலாம். பிரிட்டிஷ் காலத்தில் சட்டம் எழுதியவர்களுக்கே ஒரு குறுக்கம் என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்திருக்கிறது.

ஆனால் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் இருந்த காலத்தில் இது ஒரு கேள்வியாகவே எழுந்திருக்காது. கு, மா, தெ, பு என்று எழுதினால் எது அளவு, எது மரம் என்று அவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். 1980-இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைப் பதவி போனது நல்லதே. அதில் நடந்த அநியாயங்கள் கொஞ்சமல்ல. ஆனால் கையெழுத்தை வாசிக்கும் அறிவை யாரும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. ஒரு மாவட்டத்துப் பத்திரக் குறுக்கங்களைத் தொகுத்தால் ஒரு சிறு கையேடு அளவுதான் வரும். அதைத் தொகுக்கும் அளவுக்கு விவரம் தெரிந்த முதியவர்கள் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பத்திர எழுத்தர்களிடமும் வருவாய்த் துறையில் ஓய்வுபெற்றவர்களிடமும் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டிய வேலை இது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் கல்வெட்டு படிக்கப் பயிற்சி தருகின்றன. எண்பது ஆண்டுப் பத்திரத்தைப் படிக்கவும் அதே அக்கறையோடு பயிற்சி தரலாம்.

முடிவு

ஆசிரியை தன் கோரிக்கையை விட்டார். ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று அவர் சொல்லவில்லை. “எங்களுடையது 40 குழிதான், அது தெரிந்துவிட்டது” என்றார். 2011 செட்டில்மென்ட்டில் ஏறிய தவறான அளவை மாற்றப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதப்பட்டது. அதில் குறுக்கமே வேண்டாம் என்று இரு தரப்பும் கேட்டுக்கொண்டார்கள். ‘நாற்பது குழி, அதாவது 5,760 சதுர அடி, சென்ட் கணக்கில் சுமார் 13.2, 1938-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மா 3 என்று கண்டுள்ளது மாமரம் மூன்றைக் குறிக்கும், அம்மரங்கள் தற்போது இல்லை’ என்று நீட்டியே எழுதினோம். எழுத்தர் சற்று முகம் சுளித்தார். இருந்தாலும் எழுதினார்.

பெரியவர் தன் பங்குக்கு ஒன்று செய்தார். மூன்றுமா வயலின் தெற்கு வரப்பை ஒட்டிக் கொல்லையிலிருந்து வாய்க்கால் படித்துறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை இரு வீட்டாரும் பயன்படுத்தலாம் என்று தனியே எழுதிக்கொடுத்தார். அது எந்தத் தபசிலிலும் இல்லாத பாதை. மூன்று தலைமுறையாக நடந்துவந்த பாதை.

அண்ணன் தபசிலில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. ‘களம் கு 25 பு 1 ஷை வகையறா பொது.’ பெரியவரின் மகன் அதைப் பார்த்துவிட்டு, களத்துக்கு வடக்கே கிடக்கும் மேட்டுப் புஞ்சை பொதுச் சொத்தா என்று கேட்டிருக்கிறார். அந்த மேட்டுக்குத் தனி சர்வே எண் உண்டு. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது யார் பெயரில் வந்தது என்று பார்க்க மனுக் கொடுத்திருக்கிறார்கள். குழிக்குப் பின்னால் வரும் ‘பு’ புளியாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பதிவேடு கைக்கு வந்ததும் ஆசிரியையையும் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க இருக்கிறோம். பொது என்றால் அவருக்கும் அதில் பாதி.